மேலே இன்னொரு மாடி கட்டலாமா?

ஈப்போவுக்கு அருகிலுள்ள சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறி வருகிறவர்களுக்குக் கேமரன் மலையின் முதல் பட்டணம் கம்போங் ராஜா. முன்பு நிலைமை வேறு. தாப்பாவிலிருந்து ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று எல்லாவற்றையும் தாண்டிப் போனால் கடைசியாக வரும் ஊர் அது. சிம்பாங் பூலாய்ச் சாலை திறந்ததும் கடைசி ஊர் வாசலாகிவிட்டது. வாசலில் கடை வைத்திருப்பவருக்கு வியாபாரம் கூடும். வியாபாரம் கூடினால் இடம் போதாது. இடம் போதாதபோது எல்லாருக்கும் தோன்றும் முதல் யோசனை, மேலே இன்னொரு மாடி.

நீங்கள் அப்படிப்பட்ட ஒரு கடைவீட்டின் உரிமையாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே கடை, மேலே இரண்டு மாடியில் குடியிருப்பு. அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறி, சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய முதல் சொத்து. இப்போது கீழே காய்கறிக்குக் குளிர்பதன அறை வேண்டும். முதல் மாடியைக் கிடங்காக்க வேண்டும். மேலே புதிதாக ஒரு மாடி எழுப்பிச் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை விட வேண்டும். கோலாலம்பூரில் இதையே நாற்பது மாடியில் செய்தால் 'கலப்புப் பயன்பாட்டு வணிக வளாக மறுமேம்பாடு' என்று பெரிய பெயர் வைப்பார்கள். அங்கே உரிமையாளருக்குத் துணையாகக் கட்டுமான மேலாண்மைக்கென்றே ஒரு குழு இருக்கும். உங்களுக்கு அப்படி யாரும் இல்லை. ஒரு குத்தகையாளர் வருவார். தூணை இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பார். "ஒன்னும் ஆவாதுண்ணே, அந்தக் காலத்துக் கட்டு, கல்லு மாதிரி இருக்கு" என்பார்.

அவர் பொய் சொல்லவில்லை. கட்டடம் இன்றைக்கு நிற்கிறது என்பது உண்மைதான். ஆனால் இன்று நிற்பது நாளைக்கு ஏற்றப்போகும் பாரத்துக்குச் சாட்சி ஆகாது. இதைச் சிங்கப்பூரில் ஒரு கட்டடம் காட்டியது. அது நின்றிருந்ததும் நமக்குப் பழக்கமான தெருவில்தான்.

சிராங்கூன் சாலையில் ஒரு காலை

1986 மார்ச் 15, சனிக்கிழமை. சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் முனையில் லியன் யாக் கட்டடம் என்ற ஆறு மாடிக் கட்டடம் இருந்தது. 1971இல் கட்டி முடித்தது. தரைத்தளத்தில் வங்கி, அதற்கு மேல் இரவு விடுதி, அதற்கும் மேல் நியூ வோர்ல்டு ஹோட்டல், அடியில் வாகன நிறுத்துமிடம். அசல் கலப்புப் பயன்பாட்டுக் கட்டடம். நண்பகலுக்குச் சற்று முன்பு, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் முழுக் கட்டடமும் நொறுங்கித் தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள். ஐந்து நாள் தேடலில் 17 பேரை உயிருடன் மீட்டார்கள். அப்போது சிங்கப்பூரில் எம்.ஆர்.டி. ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டு நிபுணர்கள் ஓடிவந்து இடிபாட்டுக்குள் சுரங்கம் குடைந்து உதவினார்கள்.

எரிவாயு வெடித்திருக்குமோ, பக்கத்தில் தோண்டிய சுரங்கம் காரணமோ என்றெல்லாம் முதலில் சந்தேகம் எழுந்தது. விசாரணையில் தெரியவந்த காரணம் கேட்பவரைத் திகைக்க வைக்கும். கட்டடத்தை வடிவமைத்தவர் மனிதர்கள், மேசை நாற்காலிகள் போன்றவற்றின் பாரத்தைக் கணக்கிட்டிருந்தார். கட்டடத்தின் சொந்த எடையை, அதாவது கான்கிரீட் தளம், உத்திரம், சுவர் ஆகியவற்றின் எடையை, கணக்கில் சேர்க்கவே இல்லை. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் வங்கிக்குப் பெட்டக அறை, கூரை மேல் குளிர்சாதன இயந்திரங்கள், வெளிச்சுவருக்குப் பீங்கான் ஓடுகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். இவை முதன்மைக் காரணம் அல்ல. ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த தூண்களுக்கு மேலும் சுமை, அவ்வளவுதான்.

அப்படியானால் அது 15 ஆண்டு எப்படி நின்றது? வடிவமைப்பில் எப்போதும் கொஞ்சம் கூடுதல் பலம் வைப்பார்கள். பாதுகாப்புக் காரணி என்று அதற்குப் பெயர். லியன் யாக் கட்டடம் அந்தச் சேமிப்பை முதல் நாளிலிருந்தே தின்று உயிர்வாழ்ந்தது. கான்கிரீட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஆய்வகத்தில் சில நிமிடச் சோதனையில் அது தாங்கிக் காட்டும் உச்ச பாரத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு மேல் நாள் கணக்கில் தொடர்ந்து சுமத்தினால், உள்ளே நுண்விரிசல்கள் வளர்ந்து வளர்ந்து ஒரு நாள் முறிந்துவிடும். ஒரு தூண் போனால் அதன் பாரம் பக்கத்துத் தூண்களுக்குத் தாவும். அவையும் விளிம்பில் நிற்பவை என்றால் அடுத்தடுத்துப் போகும். பதினைந்து ஆண்டு நின்றது, ஒரு நிமிடத்தில் விழுந்தது என்பதில் முரண்பாடு ஏதும் இல்லை.

ஒரு அறையின் எடை

இப்போது உங்கள் கடைவீட்டுக்கு வருவோம். கையில் ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடப் பெருக்கல் போதும்.

மேல் மாடியில் 4 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் உள்ள ஓர் அறை. பரப்பு 20 சதுர மீட்டர். தளத்தின் கனம் 125 மில்லிமீட்டர். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ. ஆகவே ஒரு சதுர மீட்டர் தளம் 300 கிலோ. முழு அறைக்கு 6 டன். மேலே பூச்சும் தரை ஓடும் சதுர மீட்டருக்கு 100 கிலோ என்றால் இன்னொரு 2 டன். ஒரு பக்கம் பூசிய செங்கல் தடுப்புச் சுவர், 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம். அதன் எடை ஏறத்தாழ 4 டன். மொத்தம் 12 டன். இன்னும் அந்த அறைக்குள் ஒரு பாய்கூட விரிக்கவில்லை.

குடியிருப்பு அறைக்கு மனிதர், கட்டில், அலமாரி எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று வைப்பது வடிவமைப்பு வழக்கம். அது 3 டன். ஆக, 15 டன்னில் 12 டன் கட்டடத்தின் சொந்த எடை. ஐந்தில் நான்கு பங்கு. லியன் யாக்கில் விடுபட்டது எவ்வளவு பெரிய பகுதி என்று இப்போது தெரிகிறதா? சில்லறைக் காசை எண்ணிவிட்டு நோட்டுக் கட்டை மறந்துபோன கணக்கு அது.

அதே அறையைக் கிடங்காக்குகிறீர்கள். உரமூட்டையோ, தேயிலைப் பெட்டியோ, காய்கறிக் கூடையோ அடுக்குகிறீர்கள். சதுர மீட்டருக்கு 500 கிலோ என்பது கிடங்குக்கு மிகையான கணக்கல்ல. 3 டன்னாக இருந்தது 10 டன்னாகிவிட்டது. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை, தூணைத் தொடவில்லை, உரிமம் கேட்கவில்லை. ஆனால் தளத்தின் மேல் ஏறிய பாரம் மூன்று மடங்குக்கு மேல். பயன்பாட்டை மாற்றுவதும் கட்டுமான வேலைதான் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அடுத்து, புதிய மாடி. நான்கு அறைகள் சந்திக்கும் இடத்தில் உள்ள தூண் ஒவ்வோர் அறையிலிருந்தும் கால் பங்கு, ஆக ஒரு முழு அறையின் பாரத்தைத் தாங்கும். மாடிக்கு 15 டன் வீதம் இரண்டு மாடிக்கு 30 டன், கான்கிரீட் கூரைக்கு 8 டன், ஆக 38 டன். இன்னொரு மாடி ஏற்றினால் 53 டன். உத்திரத்தின் எடையும், கூரை மேல் வைக்கும் தண்ணீர்த் தொட்டியும் (ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன்) இதில் சேரவில்லை. கீழ்த் தூணுக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல் சுமை. "பாதுகாப்புக் காரணி தாங்கும்" என்பார்கள் சிலர். அந்தக் காரணி மணல் கொஞ்சம் மட்டமாக இருந்திருக்கலாம், கம்பி கொஞ்சம் விலகியிருக்கலாம் என்பது போன்ற தெரியாத குறைகளுக்காக வைத்தது. ஒரு முழு மாடிக்காக வைத்ததல்ல.

வரிசைக் கடைவீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு கடைகளுக்கு நடுவிலுள்ள சுவரும் தூண்களும் பல இடங்களில் பொதுவானவை. நீங்கள் ஏற்றும் மாடி பக்கத்துக் கடைக்காரரின் தூணிலும் ஏறும். போன ஆண்டு அவர் ஏற்றியது உங்கள் தூணில் ஏறியிருக்கும். இதை யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

கேள்வி கேட்பவரின் வேலை

கட்டுமான மேலாளர் என்பவர் இங்கேதான் தேவைப்படுகிறார். அவர் படம் வரையும் கட்டடக் கலைஞர் அல்லர், கல்லும் மண்ணும் இறக்கும் குத்தகையாளரும் அல்லர். உரிமையாளர் பக்கம் நின்று, எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை, எந்தச் சோதனை முடியாமல் எதைத் தொடங்கக்கூடாது, எந்தத் தாள் யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பவர். சிறிய வேலைக்குத் தனி ஆள் வைக்க முடியாது என்பது உண்மைதான். பதிவு பெற்ற ஒரு பொறியாளரை, குத்தகையாளர் மூலமாக இல்லாமல், நீங்களே நேரடியாக அமர்த்தினால் அந்த வேலையில் பெரும்பகுதி நடந்துவிடும். குத்தகையாளர் கொண்டுவரும் பொறியாளர் குத்தகையாளருக்குப் பதில் சொல்வார். நீங்கள் அமர்த்தியவர் உங்களுக்குப் பதில் சொல்வார். இந்த வித்தியாசத்துக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

முதல் மாதம் ஒரு செங்கல்லும் நகராது. பழைய வரைபடத்தைத் தேடுவதில் தொடங்கும். உங்களிடம் இல்லாவிட்டால் மாவட்ட மன்றத்தில் கேட்க வேண்டும். வரைபடம் கிடைத்தாலும் அதை முழுதாக நம்பக்கூடாது. வரைந்தது ஒன்று, கட்டியது ஒன்று என்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம். ஆகவே கட்டடத்திடமே கேட்கிறார்கள். கம்பி இருக்குமிடத்தைக் காந்தப்புலத்தால் கண்டறியும் கருவியைத் தூண்மீது நகர்த்தினால், உள்ளே எத்தனை கம்பி, எவ்வளவு ஆழத்தில் என்று சுவரை உடைக்காமலே ஓரளவு தெரியும். ஷ்மிட் சுத்தியல் என்ற வில் வைத்த சுத்தியலை அழுத்தினால், அது எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்பதைக் கொண்டு மேற்பரப்பின் கடினத்தை மதிப்பிடலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால், துளைப்பானால் உருளை போல ஒரு துண்டு அறுத்தெடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்க வேண்டும். குத்தகையாளரின் தட்டுக்கும் இதற்கும் உள்ள தூரம் இவ்வளவு.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. பள்ளி வேதியியல் அறையில் பார்த்த பினால்ப்தலீன் நினைவிருக்கிறதா? காரத்தில் இளஞ்சிவப்பாகும் அதே திரவம்தான். புதிய கான்கிரீட் கடுமையான காரம். அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே உள்ள இரும்பின் மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் நிலைக்கும், துரு ஏறாது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே புகுந்து காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். தூணில் புதிதாக உடைத்த இடத்தில் பினால்ப்தலீனைத் தெளித்தால், காரம் மிஞ்சியுள்ள பகுதி சிவக்கும். போய்விட்ட பகுதி நிறம் மாறாமல் நிற்கும். நிறம் மாறாத பகுதி கம்பி வரை வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. வந்துவிட்டால், அதன் பிறகு ஈரம் கிடைத்தாலே துரு தொடங்கும். மூடுபனியும் மழையும் ஓயாத மலையூரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது உள்ளிருந்து தள்ளத் தள்ளக் கான்கிரீட் பொருக்குப் பொருக்காக உதிரும். கூரையடியில் அப்படி உதிர்ந்த இடத்தைச் சிமெண்டு பூசி வர்ணம் அடித்து மறைப்பது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவது போலத்தான்.

கடை திறந்திருக்க, மேலே வேலை

சோதனை முடிந்து, தூணைப் பலப்படுத்தி மேலே கட்டலாம் என்றே வந்துவிட்டது என்று கொள்வோம். எந்த உரிமையாளரும் அடுத்துக் கேட்பது ஒன்றுதான். கடையை மூடாமல் வேலையை முடிக்க முடியுமா?

பதில் முட்டுக்கால்களில் இருக்கிறது. புதிய தளத்துக்கு ஊற்றும் ஈரக் கான்கிரீட் தன்னைத்தானே தாங்காது. பலகை அடித்து, முட்டுக்கால்கள் கொடுக்க வேண்டும். அந்த முட்டுக்கால்கள் எங்கே நிற்கும்? கீழே உள்ள பழைய தளத்தில். ஈரக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு 300 கிலோ, அதன் மேல் பலகை, கம்பி, வேலையாட்கள். கீழ்த்தளமோ குடியிருப்புக்கென 150 கிலோவுக்குக் கணக்கிட்டது. இரண்டு மடங்குக்கும் மேலான பாரத்தை அதன் தலையில் வைக்கிறோம். ஆகவே அதற்குக் கீழேயும் முட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கும் கீழே, தரை வரை. தரை என்பது உங்கள் கடை. அரிசி மூட்டைக்கும் கல்லாப்பெட்டிக்கும் நடுவே இரும்புக் குழாய்கள் சில வாரம் நிற்கும். "இடைஞ்சலா இருக்கு, ரெண்டை மட்டும் எடுத்துடுங்க" என்ற பேச்சு கட்டாயம் வரும். அந்தப் பேச்சுக்கு மறுப்புச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கடைக்காரராகவும் குத்தகையாளராகவும் இருக்கக்கூடாது.

இடித்த கழிவையும் மறந்துவிடக்கூடாது. உடைத்த சுவரை மேல் மாடியிலேயே ஓர் ஓரமாகக் குவித்து வைத்து, லோரி வரும்போது இறக்கலாம் என்று நினைப்பார்கள். அரை மீட்டர் உயரக் குவியல் சதுர மீட்டருக்கு 700 கிலோ வரை போகும்.

முட்டுக்கால்களை எப்போது எடுக்கலாம்? இங்கே மலைக்கென்று தனிக் கணக்கு உண்டு. கான்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை. சிமெண்டும் தண்ணீரும் வேதிவினை புரிவதால் இறுகுகிறது. அந்த வினை சூட்டில் விரையும், குளிரில் தயங்கும். இதைத் தோராயமாக அளக்க எளிய வழி ஒன்று உண்டு. நாளின் சராசரி வெப்பநிலையோடு 10 கூட்டி, நாள் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். கோலாலம்பூரில் 28 டிகிரி என்றால், நாளுக்கு 38. ஏழு நாளில் 266. கேமரன் மலையில் சராசரி 18 டிகிரி என்றால், நாளுக்கு 28 மட்டுமே. அதே 266ஐ எட்ட ஒன்பதரை நாள் ஆகும். கோலாலம்பூரில் 14 நாளில் எடுக்கும் முட்டுக்காலை இங்கே 19 நாள் விட்டுவைக்க வேண்டும். இது வழிகாட்டி மட்டுமே. உண்மையான பதில், ஊற்றிய அன்றே அதே கலவையில் அச்சு வார்த்து, அதே இடத்துக் குளிரில் வைத்திருந்த கனசதுரக் கட்டிகளை நசுக்கிப் பார்த்தால்தான் தெரியும். சமவெளியிலிருந்து ஏறிவந்த குத்தகையாளர் தன் ஊர் நாட்காட்டியையும் கூடவே கொண்டுவருவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, அவர் பழகியது அது. அதைத் திருத்துவது மேலாளரின் வேலை.

கட்டடத்துக்குப் பின்னால் உள்ள மலை

இதுவரை பேசியது கட்டடத்தை. கம்போங் ராஜாவில் அதுமட்டும் போதாது. கடைக்குப் பின்புறம் கொஞ்சம் மண்ணை வெட்டினால் குளிர்பதன அறைக்கு இடம் கிடைக்கும், லோரி திரும்பவும் வசதி. ஆனால் வெட்டுவது மலையின் அடிவாரத்தை.

1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் மூன்று கட்டடங்களில் ஒன்று சாய்ந்து விழுந்து 48 பேர் இறந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பன்னிரண்டு மாடிக் கட்டடம். அதற்கு முன் பத்து நாள் விடாத மழை. பின்புறச் சரிவில் ஓடிய ஓடையைக் குழாய் வைத்துத் திருப்பிவிட்டிருந்தார்கள், மேலே நிலம் வெட்டவெளியானது, வடிகால் போதவில்லை. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது. தடுப்புச் சுவர் சரிந்தது, நகர்ந்த மண் அடித்தளத்தைத் தள்ளியது. லியன் யாக்கில் தூண் தோற்றது. இங்கே தூணுக்கு அடியிலிருந்த நிலம் தோற்றது.

தண்ணீரின் பலத்தையும் ஒரு கணக்கில் பாருங்கள். 3 மீட்டர் உயரத் தடுப்புச் சுவர். பின்னால் வறண்ட மண் இருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ 2.7 டன் விசையில் அது தள்ளும். வடிகால் அடைத்து, சுவரின் உச்சி வரை நீர் தேங்கினால் நீர் மட்டும் 4.5 டன் தள்ளும். நீரில் அமிழ்ந்த மண்ணின் தள்ளு விசை 1.2 டன்னாகக் குறையும். ஆனாலும் கூட்டினால் 5.7 டன். இரு மடங்குக்கு மேல். சுவரின் அடியில் வைத்திருக்கும் சிறு சிறு துளைகள் ஏன் என்று சிலர் கேட்பார்கள். கரப்பான் வருகிறது, அசிங்கமாக இருக்கிறது என்று சிமெண்டு வைத்து அடைத்துவிடுவோரும் உண்டு. சுவரை நிற்க வைப்பதே அந்தத் துளைகள்தான்.

கேமரனின் மண், கருங்கல் பல்லாயிரம் ஆண்டு மழையில் மக்கிக் குழைந்து உருவானது. ஈரப்பதம் குறைவாக உள்ளபோது மண்துகள்களுக்கு இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலமே அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். கடற்கரையில் ஈரமணல் கோட்டை நிற்பது அதனால்தான். அலை வந்து நனைத்ததும் கோட்டை என்ன ஆகிறது? செங்குத்தாக வெட்டிய மண் சுவர் வெயில் நாளில் கல்லைப் போல நிற்பதும், மழை நாளில் குழம்பாக இறங்குவதும் இதே கதைதான். ஆகவே மலையில் வேலை வரிசை தலைகீழ். சமவெளியில் வடிகால் கடைசியில் வரும் வேலை. இங்கே வடிகால் முதல் வேலை. வெட்டு அதன் பிறகு. வெட்டிய அன்றே மூடு. ஒரே நேரத்தில் முழு நீளத்தையும் வெட்டாமல் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் சுவர் எழுப்பிய பிறகே அடுத்தது.

எந்த மாதத்தில் வெட்டுவது? கேமரனில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை உச்சத்தில் இருக்கும். ஆண்டிறுதி விடுமுறைக் கூட்டத்துக்குள் அறைகளைத் திறந்துவிட வேண்டும் என்று உரிமையாளர் அவசரப்படுவதும் சரியாக இந்த இரண்டாம் மழையோடு மோதும். ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு என்பது பொது வழக்கு. ஆனால் 2024 ஜனவரி 26 அதிகாலையில்தான் கம்போங் ராஜா, புளூ வேலியில் நிலச்சரிவு தொழிலாளர் குடியிருப்பை மூடியது. மியான்மரிலிருந்து பிழைக்க வந்த ஐந்து பேர் அதில் இறந்துபோனார்கள். நாட்காட்டி சராசரியைத்தான் சொல்லும். நேற்று இரவு எவ்வளவு பெய்தது என்று சொல்லாது. வேலையிடத்தில் ஒரு மழைமானி வைத்துத் தினமும் காலையில் எழுதிவைப்பது சில ரிங்கிட் செலவு. இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அன்று சரிவுக்குக் கீழே யாரும் நிற்கக்கூடாது என்ற எல்லையை முன்கூட்டியே பொறியாளரிடம் கேட்டு எழுதி ஒட்டிவிட வேண்டும். மழை பெய்துகொண்டிருக்கும்போது நடக்கும் விவாதத்தில் எப்போதும் அவசரம்தான் ஜெயிக்கும்.

'நிறுத்து' என்று சொல்ல யார்?

1995 ஜூன் 29 அன்று தென்கொரியாவின் சோல் நகரில் சம்பூங் அங்காடி இடிந்து 502 பேர் இறந்தார்கள். குடியிருப்பாகத் திட்டமிட்டதை அங்காடியாக மாற்றினார்கள். பிறகு ஐந்தாம் மாடியைச் சேர்த்து உணவகங்கள் வைத்தார்கள். கூரை மேலிருந்த கனத்த குளிர்சாதன இயந்திரங்களைப் பளுதூக்கி வைத்துத் தூக்காமல் உருளைகளின் மேல் இழுத்து நகர்த்தினார்கள். அன்று காலையிலேயே மேல் மாடியில் விரிசல்கள் பெருகியதை நிர்வாகம் பார்த்தது. மேல் மாடியை மட்டும் மூடிவிட்டுக் கீழே வியாபாரத்தைத் தொடர்ந்தது. மாலையில் கட்டடம் விழுந்தது. யாருக்கும் தெரியாமல் நடந்த விபத்து என்று இதைச் சொல்ல முடியாது. நிறுத்தினால் நட்டப்படுகிறவர்கள் கையில் நிறுத்தும் அதிகாரம் இருந்தது, அதுதான் கோளாறு.

சிங்கப்பூர் இதை 1986க்குப் பிறகு சட்டத்தில் திருத்தியது. 1989ஆம் ஆண்டுக் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, ஒரு பொறியாளரின் கணக்கை அவரோடு சம்பந்தமில்லாத இன்னொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும். கட்டிய பிறகும் விடுவதில்லை. குடியிருப்பு என்றால் பத்தாண்டுக்கு ஒரு முறை, மற்றவை ஐந்தாண்டுக்கு ஒரு முறை கட்டாயப் பரிசோதனை. நம் நாட்டிலும் ஹைலேண்ட் டவர்ஸுக்குப் பிறகு 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 85ஏ பிரிவு சேர்ந்தது. பத்தாண்டுக்கு ஒரு முறை கட்டடத்தைப் பரிசோதிக்க அது வழிசெய்கிறது. ஆனால் அது ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு. மூன்று மாடிக் கடைவீடும், மேலே ஒன்று ஏறி நான்கானதும் அந்த எல்லைக்குக் கீழேதான். மாவட்ட மன்றத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்குவது கட்டாயம், அதில் சந்தேகம் வேண்டாம். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் உங்கள் தூணை யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் உரிமையாளரே இல்லை, மேல் மாடியில் வாடகைக்கு இருப்பவர் என்றாலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விரிசல் உள்ள எல்லாச் சுவரும் ஆபத்தானதல்ல. பூச்சில் முடியிழை போல ஓடுவது பெரும்பாலும் பூச்சோடு போகும். தூணிலோ, தூணும் உத்திரமும் சேரும் இடத்திலோ சாய்வாக ஓடும் விரிசல் வேறு வகை. வளர்கிற விரிசல்தான் பேசவேண்டிய விரிசல். அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்கே ஒரு சிறு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நடுவில் குறுக்காக ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் பசை வைத்து ஒட்டுங்கள். இரண்டு வாரத்தில் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ கண்ணாடி உடைந்திருந்தாலோ, கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு பொறியாளரிடம் போங்கள். வீட்டுக்காரருக்கும் மாவட்ட மன்றத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். நேற்றுவரை சாத்திய கதவு இன்று சாத்தவில்லை, சுவருக்குள் முறியும் சத்தம் கேட்கிறது, தூணிலிருந்து சில்லு தெறிக்கிறது என்றால் படமெடுக்கவும் நிற்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிட்டு, தெருவில் நின்று 999ஐ அழையுங்கள். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு வெளியே வரச் சொல்லுங்கள். அவர் தூணும் அதுதான்.

கோட்டைப் பென்சிலால் போடுங்கள். மலைக்குளிரில் சுவர் வேர்க்கும்போது பேனா மை கரைந்து தேதி அழிந்துவிடும்.